கைக்கும் கைக்கும் நடுவில்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஜோடி கையுறையைப் பார்த்துத் தோன்றியது. பெண்ணைப் பார்த்து அல்ல. பெண்ணை அப்புறம்தான் பார்த்தேன்.

போன வாரம் கிளிஞ்சல்மேட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தேன். பழவேற்காட்டில் இருந்து படகில் முக்கால் மணி நேரம். நாற்பது வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி. தீவு அவ்வளவுதான். எல்லம்மா வீட்டு வாசலில் இரண்டு கம்புக்கு நடுவே கயிறு கட்டி ஒரு பக்கம் புடவை காயப் போட்டிருந்தாள். இன்னொரு பக்கம் பச்சை நிறத்தில் இரண்டு கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலும் மொந்தன் வாழைக்காய் தடிமன்.

"இன்னா எல்லம்மா இது, ஐஸ் கம்பெனியில குடுத்த உறையா?"

"எம் பொண்ணு ஜமுனாவுது, கஸ்தூரிம்மா. பந்து புடிக்கிறதுக்கு."

"கால்பந்துன்னுதான சொன்னாங்க. கால்லதான உதைப்பாங்க?"

"பதினோரு பேரு ஆடுறாங்களாம். அதுல ஒருத்திக்கு மட்டும் கைய குடுத்துகீறாங்க. அந்த ஒருத்தி இவதான்."

பத்திரிகையைக் கொடுத்தேனா, மஞ்சள் தடவினேனா, ஒன்றும் நினைவில்லை. அந்தப் பேச்சோடு படகேறி வந்துவிட்டேன். பதினோரு பேரில் ஒருத்திக்கு மட்டும் கை. மற்ற பத்துப் பேரும் கை இருந்தும் இல்லாத மாதிரி ஓட வேண்டும். யார் போட்ட சட்டம் இது, எதற்காகப் போட்டார்கள்?

எனக்குக் கால்பந்து தெரியாது. பக்கத்து வீட்டு அர்ச்சனா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கேட் பதிவேடு எழுதுகிறாள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் போனில் பந்தாட்டம்தான் பார்ப்பாள். அவள் துவைக்கிற கல்லின் மேல் இருபத்திரண்டு கிளிஞ்சலை அடுக்கி எனக்குப் பாடம் நடத்தினாள். கதையில் ஆட்டத்தைப் பற்றித் தப்பு ஏதும் இருந்தால் அது என் தப்பு. சரியாக இருந்தால் அர்ச்சனாவுடையது.

2

மூன்று ஆரம்பம் எழுதினேன். மூன்றையும் வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதல் ஆரம்பம்: "விடியற்காலையில் ஏரியின் மேல் பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்பாக—"

இதை இங்கேயே நிறுத்திவிட்டேன். பூநாரை இல்லாமல் பழவேற்காட்டைப் பற்றி யாரும் எழுதியதில்லை. இந்த ஒரு தடவை அவை நிம்மதியாக மேயட்டும்.

இரண்டாவது: "பிறந்தபோதே ஜமுனாவின் கைகள் மற்ற குழந்தைகளின் கையை விடப் பெரியவை."

இது பொய். எல்லம்மா வாரத்தில் மூன்று நாள் எங்கள் கரைக்கு இறால் கொண்டுவருவாள். அப்போது கேட்டேன். "கையவா பாத்துகினு இருந்தேன்? உசுரு கீதான்னு பாத்தேன்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனாலும் அழகான வாக்கியம்தான், இல்லையா? பொய்யாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூன்றாவது: "ஜமுனாவுக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது."

இதில் பூநாரை இல்லை, பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஜமுனாவுக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. அது முடிந்ததும், கோயம்புத்தூரில் அவளை எடுத்திருந்த பெண்கள் கிளப் அவளை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளுமா, ஊருக்கு அனுப்புமா என்று தெரிந்துவிடும். வயது பத்தொன்பது. ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு. கிளிஞ்சல்மேட்டில் இருந்து ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவள். அவளுடைய நைனா முத்து அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்துக் கூரையில் சொருகி வைத்திருக்கிறார்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். (விரிவாக எழுதி ஒன்பது பக்கம் ஆனது. அர்ச்சனா படித்துவிட்டு, "பெரிம்மா, இன்னும் பந்தே வரலயே" என்றாள்.)

அவள் வீட்டில் எல்லாரும் கையால் இறால் பிடிக்கிறவர்கள். எங்கள் பக்கம் எறா தடவுறது என்போம். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தினாற்போல் நகர்ந்து, சேற்றின் மேல் இரண்டு கையையும் அகல விரித்து, மெல்லக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். நடுவில் இறால் இருந்தால் விரலில் தட்டும். அதைத் துரத்தினால் போய்விடும். கை அங்கே காத்திருக்க வேண்டும், அதுவாக வந்து கையில் ஏறும். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய ஒரு பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கழுத்தைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

ஜமுனா எட்டு வயதில் பறி கடித்தாள். ஆறாம் வகுப்புக்குப் படகேறிக் கரைப் பள்ளிக்கு வந்தாள். எட்டாம் வகுப்பில் ஒரு நாள், கோலில் நிற்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். யாரும் நிற்க மாட்டேன் என்றதும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜமுனாவைப் பிடித்துத் தள்ளினார்கள். முதல் பந்து தரையோடு வந்தது. அவள் பாயவில்லை. குந்தி, இரண்டு கையையும் பக்கவாட்டில் இருந்து கூட்டினாள். பந்து வந்து ஏறிக்கொண்டது. அன்று பதினாறு பந்து. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

அப்புறம் விளையாட்டு விடுதி, மாவட்ட அணி, கல்லூரி அணி, கோயம்புத்தூர்.

4

இனி வருவது எல்லம்மா வழியாகக் கேட்டது. கிளப்பில் அவளுடைய பயிற்சியாளர் கேசவன். கொங்கு நாட்டுக்காரர். திட்டும்போதும் மரியாதை விடமாட்டார். முதல் வாரத்திலேயே, "கையில பிசின் தடவி அனுப்புச்சாங்களா உங்க ஊர்ல?" என்று கேட்டார். ஜமுனா சிரித்தாள். இரண்டாவது மாதத்தில் அவளைத் தினமும் கோலில் நிறுத்தினார். மூன்றாவது மாதத்தில் ஒன்றைக் கவனித்தார்.

கோலில் நிற்கிறவளுக்குப் பிடிக்கிற வேலை பாதிதான். மீதிப் பாதி வாய். (இதை அர்ச்சனா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு இது பெரிய ஆச்சரியம்.) ஆடுகளம் முழுக்கத் தெரிகிற ஒரே ஆள் அவள். உயரப் பந்து வரும்போது, முன்னால் நிற்கிற தன் அணிப் பெண்ணுக்கு, முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. இவள்தான் "கீப்பர்" என்று கத்த வேண்டும். கத்தினால் முன்னால் இருப்பவள் விலகிவிடுவாள். கத்தாவிட்டால் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போவார்கள்.

ஜமுனா வாயைத் திறக்கவே இல்லை.*

"ஏனுங் ஜமுனா, வாயில கொழுக்கட்டைங்களா?" என்றார் கேசவன்.

"இல்ல சார்."

"ஒரே ஒரு சொல்லுங்க. அது போதும்."

"சரி சார்."

அவளுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவள் கிறிஸ்டினா. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். மணலில் பந்தாடி வளர்ந்தவள், ஆடும்போது பேசுவாள், சாப்பிடும்போது பேசுவாள், பஸ்ஸில் தூங்கும்போதும் பேசுவாள். இருவரும் ஒரே அறை. "நீ கத்தினா நான் மாறிக்கிடுவேன் பிள்ளே. மிண்டாம வந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொல்வாள். ஜமுனா அவள் தட்டில் தன் முட்டையை எடுத்து வைப்பாள். அது ஒரு பதில்.

எட்டாவது ஆட்டம். நடுக்களத்தில் இருந்து ஒரு பந்து உயர வந்தது. கிறிஸ்டினா பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னுக்குப் பின்னுக்குக் கால் வைத்துப் போனாள். ஜமுனா கோலை விட்டு முன்னால் ஓடி வந்தாள். அவள் கணக்குப்படி அந்தப் பந்து அவள் கையில் வந்து இறங்க வேண்டியது. கிறிஸ்டினாவின் கணக்குப்படி அது அவள் தலைக்கு. இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். ஜமுனாவின் முட்டி கிறிஸ்டினாவின் புருவத்தில் பட்டது. பந்து கீழே விழுந்து உருண்டது, எதிரணிப் பெண் ஒருத்தி நடந்து வந்து உள்ளே தட்டிவிட்டாள்.

புருவத்தில் ஆறு தையல். கிறிஸ்டினா கட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "என்னத்துக்கு அழுதே? எனக்குல்லா தையல்" என்றாள்.

மறுநாள் கேசவன் கூப்பிட்டார். "கை இருக்குதுங்க உங்களுக்கு. கை மட்டும் போதாதுங்க. பத்து நாள் லீவு, ஊருக்குப் போய்ட்டு வாங்க. கடைசி ஆட்டத்துல உங்களத்தான் நிறுத்துவேன். அன்னைக்கும் சத்தம் வரலைன்னா, அடுத்த வருசத்துக்கு வேற கீப்பரத்தான் பார்க்கோணும். கோவிச்சுக்காதீங்க."

நான் கயிற்றில் பார்த்த கையுறை, அந்த லீவில் காய்ந்த கையுறை.

* இந்த வாக்கியம் தப்பு. எவ்வளவு தப்பு என்று ஆறாம் பகுதியில் தெரியும். திருத்தாமல் விட்டிருக்கிறேன். நானும் அதை நம்பித்தான் எழுதினேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஏன் அவள் வாய் திறக்கவில்லை? எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எட்டு வயதில் இருந்து பறியைக் கடித்த வாய். கை வேலை செய்யும்போது வாய் மூடியிருக்க வேண்டும் என்று உடம்பு பழகிவிட்டது. அவள் கோலில் நிற்கும்போதும் பல்லுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பறி இருக்கிறது!

எழுதி முடித்துவிட்டு எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். மறுநாள் காலை, இறால் வகை பிரிக்கிற பெண்களிடம் கரையில் படித்துக் காட்டினேன். பெரிசு சிறிசு பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டார்கள். முனியம்மா மட்டும் கையை நிறுத்தினாள். அவள் கையை நிறுத்தினால் கதை தேறிவிட்டது என்று அர்த்தம்.

"த்சு, பாவம். பல்லுலயே நிக்குது பாரு அந்தப் பறி" என்றாள்.

"முடிவு இன்னா?" என்றாள் இன்னொருத்தி.

"கண்ணுகளா, அதைக் கேட்டுகினு வரத்தான் நாளைக்குத் தீவுக்குப் போறேன்."

உண்மையில் கேட்கப் போகவில்லை. படித்துக் காட்டப் போனேன். கண்டுபிடித்ததை அந்தப் பெண்ணிடமே சொல்லி, அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போனேன்.

6

ஜமுனா வீட்டின் பின்னால் கவிழ்த்துப் போட்ட பழைய அலுமினியக் குண்டானின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லி. நான் நினைத்ததை விட உயரம். நான் படிக்கப் படிக்க உரித்ததை எல்லாம் என் பக்கமே தள்ளினாள். முடித்ததும் கையில் மிச்சம் இருந்த கடலையையும் உரித்து வைத்தாள். நான் எழுதியது சரிதான் என்று அந்த நேரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா கீது பெரிம்மா" என்றாள். "ஆனா அது நான் இல்ல."

"ஏன்?"

"பறி கடிச்சா பேச முடியாதுன்னு யாரு சொன்னது?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "எம்மா, பறிய எடுத்தா."

எல்லம்மா பறியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். பறியின் கழுத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து மூக்காலேயே ஏதோ சொன்னாள். கஞ்சி குடிக்கிறாயா என்று கேட்டாள். ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது.

"தண்ணில நாள் முச்சூடும் பேசினுதான் இருப்போம்" என்றாள் பறியை எடுத்துவிட்டு. "மாமியாளத் திட்டறது எல்லாம் அங்கதான். வேற எங்க திட்டறது?"

என் ஐந்தாம் பகுதி அந்த இடத்தில் செத்தது. கஞ்சி குடித்தேன்.

"நீங்க இன்னொண்ணும் தப்பா எழுதிகீறீங்க" என்றாள் ஜமுனா. "நான் கத்தவே இல்லன்னு. நான் கத்துனேன் பெரிம்மா. எல்லா ஆட்டத்துலயும் கத்துனேன். பந்து கைக்கு வந்தப்புறம் கத்துனேன்."

"வந்தப்புறம் கத்தி இன்னா பிரயோஜனம்?"

"சாரும் அதத்தான் கேட்டாரு."

சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"நாங்க வரிசையாத்தான் தடவுவோம். அம்மா, சித்தி, நான், பக்கத்து வூட்டுக்காரங்க. என் கை முடியற எடத்துல அடுத்தவங்க கை ஆரம்பிக்கும். எறா எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஓடும். அப்போ யாரும் 'எனுது'ன்னு சொல்லக் கூடாது. சொன்னா அடுத்தவங்க கை நின்னுடும். உனுதுன்னு சொல்லிட்டியே, எடுத்துக்கோன்னு நின்னுடுவாங்க. அது உன் கைக்கும் வராம போயிடுச்சின்னு வையி, அவங்க கையையும் கெடுத்தவ நீதான். கைக்கும் கைக்கும் நடுவுல கீறது யாருதும் இல்ல. கைல ஏறுனாத்தான் சொல்லலாம்."

"சொல்லிட்டா?"

"ஒருவாட்டி சின்ன வயசுல சொல்லிட்டேன். எறா பூடுச்சி. யாரும் திட்டல. சித்தி மட்டும் அன்னிக்கு முச்சூடும் எனக்கு எடம் வுட்டு எட்டப் போயி தடவுனாங்க." கடலைக்குக் கை போகவில்லை. "திட்டியிருந்தா மறந்துருப்பேன்."

படகில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரில் எது செய்யக் கூடாதோ, ஆடுகளத்தில் அதுவேதான் அவள் வேலை. கீப்பர் கத்துவதே அடுத்தவளை நிற்க வைக்கத்தானே. அடுத்தவளை நிற்க வை, அதுவும் பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே, கைக்கு வருமா என்று தெரியாதபோதே.

(இந்த இடத்தில் அர்ச்சனாவின் கேள்வி: "'எனுது'ன்னு வாணாம், 'கீப்பர்'னு சொன்னா போதுமே பெரிம்மா, அது பேருதான?" இதை ஜமுனாவிடம் போனில் கேட்டேன். "எந்த வார்த்தையில சொன்னா இன்னா? நீ நில்லு, இது எனக்குன்னுதான அர்த்தம்" என்றாள்.)

7

இதை எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். கஞ்சி குடித்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே எல்லம்மா சொன்னது. ஜமுனா அப்போது பக்கத்தில் இல்லை.

அதற்கு முன் ஒரு சொல். பாடு என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்த ஏற்பாடு. பாடு வலைக்காரர்களுக்கு. கையால் தடவுகிறவர்களுக்குக் கிடையாது. வலை போகாத ஓரத் தண்ணீர் அவர்களுடையது. அவர்களுடையது என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அவர்கள் தடவுவது.

"அன்னிக்கு எறா நல்லா ஏறுது, தடவிகினே ஓரத்த வுட்டு உள்ள போய்ட்டோம்" என்றாள் எல்லம்மா. "ஜமுனாவுக்குப் பத்து வயசு. ஒரு படகு வந்துச்சு. எட்ட வரும்போதே, 'எங்க பாடு, ஏறு ஏறு'ன்னு சத்தம். கரையேறிட்டோம். தப்பு சொல்ல முடியாது, சீட்டு அவங்களுக்குத்தான வுழுந்துச்சு. இவ மட்டும் கைல இருந்த எறாவையும் தண்ணில வுட்டுட்டு ஏறுனா. கைல வந்ததாச்சேடீன்னேன்."

"யார் படகு?" என்று கேட்டேன்.

"யாரோ. ரொம்ப வருசம் ஆச்சி, கஸ்தூரிம்மா." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் அப்போது 'ஏறு' என்பதை இரண்டு தடவை சொல்கிற ஆள் ஒருவர்தான். என் வீட்டுக்காரர் சின்னதம்பி. அந்தக் குரலுக்கு முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டிருக்கிறேன்.

இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத எனக்கு ஒன்றும்—

8

முடிவு வேண்டும் என்று கரையில் தொந்தரவு. இரண்டு முடிவு எழுதினேன்.

முதல் முடிவு. கடைசி ஆட்டத்தில் ஜமுனா மறுபடியும் சத்தம் வராமல் நின்று, ஒப்பந்தம் போய், தீவுக்குத் திரும்பி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறாள். ஏரி அவளை ஏற்றுக்கொள்கிறது. வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எல்லம்மாவிடம் சொன்னேன். "தோ, அவள எதுக்கு மறுபடியும் தண்ணில எறக்கற? நானே கரையேத்தத்தான் பாக்கறேன்" என்றாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு என் செல்லம். தண்ணீரில் யாருமே கத்துவதில்லையா என்று ஜமுனாவைக் கேட்டிருந்தேன். திருக்கை தட்டுப்பட்டால் மட்டும் கத்துவார்களாம். அதன் வாலில் முள் இருக்கிறது. "திருக்கை" என்று ஒருத்தி கத்தினால் மொத்த வரிசையும் அப்படியே நிற்கும். அது யாருக்கும் வேண்டாத பொருள், அதனால் கத்தலாம். உடனே எனக்குப் பொறி தட்டிவிட்டது. கடைசி ஆட்டம், உயரப் பந்து, ஜமுனா ஓடி வருகிறாள், நெஞ்சு நிறைய மூச்செடுத்து, "திருக்கை" என்று கத்துகிறாள். கிறிஸ்டினா விலகுகிறாள். பந்து கையில். கேசவன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

கரையில் கை தட்டினார்கள். முனியம்மா, "இதையே வச்சிடு, இதுக்கு மேல வாணாம்" என்றாள்.

வியாழக்கிழமை ஜமுனா கோயம்புத்தூர் போக, பொன்னேரி பஸ்ஸுக்கு எங்கள் கரையில் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைத்துவிட்டு, என் முடிவை நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"'திருக்கை'ன்னு கத்துனா கிறிஸ்டினா இன்னா பண்ணுவா தெரியுமா? 'என்னத்தச் சொன்ன பிள்ளே'ன்னு திரும்பிப் பாப்பா. அதுக்குள்ள கோல்."

கூடை முன்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் குந்தினாள்.

"எனக்கு வேற சொல்லு தேடித் தராதீங்க பெரிம்மா. திருக்கைன்னா நான் சுளுவா சொல்லிடுவேன். அது யாருக்கும் வாணாததாச்சே. எனக்கு அது வாணாம். எனுதுன்னு சொல்லணும். கைக்கு வர்றதுக்கு முந்தியே சொல்லணும். வரலன்னாலும் பரவால்லன்னு சொல்லணும்."

"முடியுமா?"

"தெரில."

"இங்க ஒருவாட்டி கத்திக் காட்டேன்" என்றாள் முனியம்மா. "நாங்களும் கேக்கறோம்."

"பந்து இல்லாம எப்டிக்கா கத்துறது?"

"தோ, இந்த எறாவத் தூக்கிப் போடறேன், புடி."

பஸ் வந்துவிட்டது. பை ஏறியது, அவள் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்து கையை மட்டும் காட்டினாள்.

என் செல்ல முடிவையும் கிழித்தாயிற்று. அவள் வேண்டாம் என்று சொன்ன ஒரு சொல்லை அவள் வாயில் நான் எப்படி வைப்பது?

9

இன்று சனிக்கிழமை. ஆட்டம் நாளை நான்கு மணிக்கு. அர்ச்சனா போனில் காட்டுகிறேன் என்றிருக்கிறாள். கரையில் இப்போதே இடம் பிடித்துவிட்டார்கள். "ஒரு நாள் பொறுத்து எழுதேன் பெரிம்மா, இன்னா ஆச்சின்னு பாத்துட்டு எழுதலாமே" என்று அவள் சொன்னாள். நல்ல யோசனை. ஆனால் பார்த்துவிட்டு எழுதினால், பந்து கைக்கு வந்த பிறகு கத்தியவள் ஆவேன் நான். பார்க்காமல் முடிவைச் சொன்னாலோ, இது என் கதை, என் பாடு, எல்லாரும் ஏறு ஏறு என்பதாகிவிடும். அந்தச் சத்தம் என் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டாயிற்று.

அதனால் நாளை நடக்கப்போவதில் தெரிந்த மட்டும் சொல்கிறேன். கேசவன் வாக்குத் தவற மாட்டார், ஜமுனாவைத்தான் நிறுத்துவார். புருவத்தில் பிளாஸ்திரியோடு கிறிஸ்டினாவும் ஆடுவாள். எப்போதாவது ஒரு தடவை, முதல் பாதியிலோ கடைசி நிமிடத்திலோ, ஒரு பந்து உயர வரும். வராமல் இருக்காது என்று அர்ச்சனா அடித்துச் சொல்கிறாள்.

நீங்கள் இதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். இப்போது எழுந்து வாருங்கள். நீங்கள்தான் கிறிஸ்டினா.

பந்து மேலே. வெயில் கண்ணில். அதையே பார்த்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குக் கால் வைத்துப் போகிறீர்கள். திரும்பிப் பார்க்க நேரமில்லை. பின்னால் புல்லின் மேல் ஓடி வருகிற காலடி. அவளாக இருக்கலாம், எதிரணிக்காரியாகவும் இருக்கலாம். எம்பினால், போன தடவை எம்பியது புருவத்தில் இருக்கிறது. விட்டுவிட்டால், பின்னால் வருவது அவள் இல்லையென்றால், கோல். பந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம். உங்கள் முட்டி மடங்கிவிட்டது, ஆனால் கால் இன்னும் தரையில்தான் இருக்கிறது.

எம்புகிறீர்களா, நிற்கிறீர்களா?